நட்ட இடத்தில் நில்லாத செடி

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், என்னைவிட உயரமாக ஒரு செடி வளர்ந்து ஊதா நிறத்தில் பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரியில் படிப்பவள், கைப்பேசியை அதன் முன் நீட்டினாள். ஒரு பெயர் வந்தது. கொஞ்சம் தள்ளி நின்று நீட்டினாள். வேறு பெயர் வந்தது. இலையை மட்டும் காட்டியபோது மூன்றாவதாக ஒன்று. "அங்கிள், மூணு தடவையும் இதுதான் இதுதான்னு அடிச்சுச் சொல்லுது லா" என்று என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்தக் கைப்பேசி மேல் கோபம் வரவில்லை. நெடுங்காலம் செய்தித்தாளில் வேலை பார்த்தவன் நான். இப்படிப்பட்ட சாட்சிகளோடுதான் என் பிழைப்பு ஓடியது. சாலை விபத்து நடந்த இடத்தில் மூன்று பேரைக் கேட்டால் லாரி மூன்று நிறத்தில் இருக்கும். மூன்று பேரும் சத்தியம் செய்வார்கள். எவரும் பொய் சொல்வதில்லை, அவரவர் நின்ற இடம் வேறு. இந்தப் பாடம் எனக்கு லாரியில் கிடைக்கவில்லை. ஒரு பூச்செடியில் கிடைத்தது. அது எண்பதுகளின் தொடக்கம்.

அப்போது நான் ஈப்போவில் ஒரு தமிழ் நாளிதழின் கிளை அலுவலகத்தில் இருந்தேன். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். யூசுப் பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு காற்றாடி. கீழேயிருந்து மீன்கறி வாசத்தை மேலே இழுத்து வரும் வேலையை மட்டும் அந்தக் காற்றாடி ஒழுங்காகச் செய்தது. நான் எழுதியதை உறையில் போட்டு மாலைப் பேருந்தில் கோலாலம்பூருக்குக் கொடுத்தனுப்புவேன். மறுநாள் அது கால்வாசியாகச் சுருங்கி அச்சில் வரும்.

சுருங்காமல் வந்தவை காய்கறிச் செய்திகள் மட்டும்தான். பிள்ளையார் தும்பிக்கையோடு ஒரு கத்தரிக்காய், ஓர் ஆள் தூக்க முடியாத மரவள்ளிக் கிழங்கு, ஒட்டிப் பிறந்த பப்பாளி. வாரத்தில் ஒருவராவது எதையாவது சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வருவார். படம் பிடிப்பேன். படம் பிடித்த பிறகு அந்தக் காயை என்னிடமே விட்டுப் போவார்கள். பிரம்மச்சாரியான எனக்கு அது ஒரு வசதி.

ஆகவே தனலெட்சுமி அக்கா ஒரு சனிக்கிழமை படியேறி வந்து, "தம்பி, ஒரு செடி என்னா செடின்னு நீ கண்டுபுடிச்சித் தரணும்" என்றபோது நான் படப்பெட்டியை எடுத்துவிட்டேன்.

"செடி எங்கக்கா? கீழ வச்சிருக்கீங்களா?"

"செடி தோட்டத்துல இருக்கு. நான் அத கிட்டப் போயி பாத்ததே இல்ல."

தனலெட்சுமி அக்கா நான் வளர்ந்த ரெட்டைப்பால ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் யாரோ ஒரு துரையின் பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் வழங்கவில்லை. கோப்பேங் சாலையிலிருந்து உள்ளே போனால் அடுத்தடுத்து இரண்டு மரப்பாலங்கள் வரும், அதனால் ரெட்டைப்பாலம். நான் இடைநிலைப் பள்ளிக்காக ஈப்போ மாமா வீட்டுக்கு வந்தவன், அப்படியே டவுன்காரனாகிவிட்டேன். அக்கா பிறகு வந்தார். அப்போது ஈப்போவிலேயே சிலிபினில் ஒரு பலகை வீட்டில் மகளோடு குடியிருந்தார். துணி ஆலையில் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் வேலை.

அவருடைய கணவர் மாரிமுத்து அண்ணன் எழுபதுகளின் ஆரம்பத்தில் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். தோட்டத்து இடுகாடு ஓடைக்கு அந்தப்பக்கம், ஒரு சரிவில் இருந்தது. பெண்கள் அங்கே போவதில்லை. சவப்பெட்டியோடு லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், முச்சந்திவரை வந்து, அங்கேயே அழுது, குளித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். குழி எங்கே வெட்டினார்கள், தலை எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஆண்களுக்கு மட்டும் தெரிந்த விவரம். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், வீட்டார் சிமெண்டில் சமாதி கட்டுவார்கள். மற்றவர்கள் மண்ணைக் குவித்து, தலைமாட்டில் ஒரு செடி வைப்பார்கள். எங்களுக்கு அந்தச் செடிதான் பெயர்ப்பலகை. ஊரில் யாரைக் கேட்டாலும், "இவன் அப்பன் குரோட்டன்சு, அவன் தாத்தா செம்பருத்தி" என்று சொல்வார்கள்.

மாரிமுத்து அண்ணனுக்குச் செடி வைத்தவர் அவருடைய அண்ணன் ராமசாமி. ராமசாமிக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. வேலை பெர்மிட்டைப் புதுப்பித்துத் தரவில்லை. குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர்தான், பிறகு எந்தத் தகவலும் இல்லை. பிணம் தூக்கிய மற்றவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் ஊர் ஊராகச் சிதறினார்கள்.

அக்கா வந்த சமயத்தில் தோட்டத்தை விற்றுவிட்டிருந்தார்கள். வீடமைப்புத் திட்டம் வரவிருந்தது. இடுகாட்டை மட்டப்படுத்துமுன் சொந்தக்காரர்கள் வந்து அவரவர் குழியைக் காட்டினால், எலும்பை எடுத்துப் புது இடத்தில் வைக்க ஏற்பாடு உண்டு, மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பொறுப்பில்லை என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. எங்கள் செய்தித்தாளிலும் அது வந்தது. நான்தான் அனுப்பியிருந்தேன். எட்டாம் பக்கம், கீழ் மூலை.

"காட்டுன்னா நான் எதைக் காட்டுவேன் தம்பி? அவரு போனப்புறம் எனக்கு ஸ்டோர்ல வேல குடுத்தாங்க. சாயங்காலம் ஸ்டோர் மேடைக் கொழாயில கைகால் கழுவுறப்ப நிமுந்து பாத்தா, லாலானுக்கு மேல ஒசரமா வெள்ளப் பூ தெரியும். அதோ இருக்காருன்னு நெனச்சிக்குவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச அடையாளம்."

லாலான் என்பது எங்கள் பக்கம் இடுப்பளவு வளரும் தர்ப்பை மாதிரியான புல். சும்மா விட்ட நிலத்தை அதுதான் முதலில் பிடிக்கும்.

"என்னா செடின்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார் அக்கா. "செடி நட்ட எடத்துலதானே நிக்கும். அத கண்டுபுடிச்சா அவர கண்டுபுடிச்ச மாதிரி."

தீ விபத்துச் செய்திக்குத் தீயணைப்பு அதிகாரியைக் கேட்பதுபோல் அக்காவைக் கேள்வி கேட்டேன். உயரம்? "எங்க மச்சாண்டாரு பக்கத்துல நின்னா அவருக்கு மேல ஒரு மொழம் நிக்கும்." மச்சாண்டார் என்றது கணவரின் அண்ணன் ராமசாமியை. இலை? தெரியாது. தண்டு கட்டையா, பச்சையா? தெரியாது. பூ? வெள்ளை. ஒற்றையா, கொத்தா? "நுனியில பட்டாம்பூச்சி கூட்டமா ஒக்காந்த மாதிரி." வாசம்? "காத்து அந்தப் பக்கமிருந்து அடிச்சா சாயங்காலம் வரும்."

கடைசிப் பதிலை மட்டும் நான் நம்பவில்லை. ரப்பர் பாலைத் தகடாக்கும் ஸ்டோர் பக்கம் போயிருந்தால் நீங்களும் நம்பமாட்டீர்கள். உறைந்த பாலின் புளிப்பு, அதில் கலக்கும் அமிலம், புகைக்கூண்டில் தொங்கும் ரப்பர் தகடு எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். அது தலைமுடியில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் அசையாது. என் அம்மா டவுனுக்கு வரும்போதெல்லாம் பேருந்தில் யாரோ ஒருவர் ஜன்னலைத் திறப்பார். அம்மா, "காத்து வேணும்போல" என்பார். அப்படிப்பட்ட ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு ஓடைக்கு அப்பாலிருந்து வரும் பூ வாசத்தைப் பிரித்தெடுத்ததாக அக்கா சொன்னார். குறித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

அக்கா சொன்னதை வைத்து ஒரு படம் வரைந்து, கீழே போய்க் கதையையும் சொல்லி யூசுப் பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது செடியா, மடக்குன கொடையா?"

"செடிதான் பாய். ஆள் உயரம். வெள்ளைப் பூ."

"கல்வாழை. போய் எழுதிக்குங்க."

பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் ஊமத்தை என்றார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த டாக்சிக்காரர், ஊமத்தையைத் தலைமாட்டில் வைக்க ராமசாமி என்ன பைத்தியமா என்று கேட்டு, தன் பங்குக்குச் செண்பகம் என்றார். எனக்கு நந்தியாவட்டை என்று தோன்றியது. வெள்ளை, ஆளுயரம், மாலையில் தெளிவாகத் தெரியும், தோட்டத்துக் கோயிலிலும் ஒன்று நின்றது. அக்காவுக்கு என் முடிவு மிகவும் பிடித்துப்போயிற்று. நந்தியாவட்டை கட்டை விட்டு வளரும். பல வருடம் ஒரே இடத்தில் நிற்கும். அதன் காலடியில் தோண்டினால் போதும்.

மறுவாரம் என் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனேன். அக்கா பேருந்தில் வந்து பாலத்தடியில் காத்திருந்தார். லயங்கள் பாதி காலி. சின்னையா மண்டோர் மட்டும் பிடிவாதமாக இருந்தார். ஒரு காலத்தில் ஐம்பது அறுபது பேரை விரட்டி வேலை வாங்கிய மேற்பார்வையாளர், இப்போது மனைவியை மட்டும் விரட்டிக்கொண்டிருந்தார். அதுவும் நடக்கவில்லை.

"மாரிமுத்து செடியா? மஞ்சப் பூ" என்றார் மண்டோர்.

"வெள்ளைண்ணே" என்றார் அக்கா.

"நீ எங்க கண்ட? நீ மேடையில நின்னு பாத்தவ. நான் தெனம் மத்தியானம் அந்த வழியா போனவன் லா. மஞ்சளு. வதவதன்னு தொங்கும்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சி போச்சு. செவப்பு. முத்து முத்தா செவப்பு."

"நீ எப்படி சுடுகாட்டுக்குப் போன?"

"மாட்டப் புடிக்கப் போனேன். மாடு கேக்குமா, இது பொம்பளைங்க வரக்கூடாத எடம்னு?"

வெள்ளை, மஞ்சள், சிவப்பு. எழுதிக்கொண்டேன். என் நந்தியாவட்டை அப்போதே ஆட்டம் காண ஆரம்பித்தது. ஆனாலும் அக்கா முகத்தைப் பார்த்து வெளியில் சொல்லவில்லை.

ஓடையைத் தாண்டும் இடத்தில் மண்டோர் நின்றார். "தனம், நீ இங்கயே இரு. நாங்க போய் பாத்துட்டு வாரோம். பொம்பள உள்ள வர்றது நல்லால்ல."

"அன்னைக்கி இப்படித்தான் சொன்னீங்க, நின்னுட்டேன் அண்ணே. இன்னைக்கும் நின்னா அவரு மேல வீடு கட்டிருவாங்க." சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா தண்ணீரில் இறங்கிவிட்டார். மண்டோர் பின்னால் போனார். அவர் இன்னொருவருக்குப் பின்னால் போவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சரிவின் அடிவாரத்தை அடைந்ததும் மூன்று பேரும் நின்றுவிட்டோம். ஒரு செடியைத் தேடி வந்திருந்தோம். ஓடைக் கரை முழுக்க அந்தச் செடி நின்றது. கட்டையே இல்லாத பச்சைத் தண்டுகள், என் தலைக்கு மேல். தண்டின் இரண்டு பக்கமும் மாறி மாறி நீண்ட இலைகள், வாள் மாதிரி. நுனியில் பச்சைச் செதில்கள் அடுக்கிய கூம்பு. அதிலிருந்து வெள்ளைப் பூக்கள் இறக்கை விரித்திருந்தன. அக்கா சொன்ன பட்டாம்பூச்சிதான். வாசமும் இருந்தது. என் கேள்விக்குறியை மனத்துக்குள் அடித்துவிட்டேன்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் பூத்தவை வெயிலில் துவண்டு மஞ்சளாகித் தொங்கின. மத்தியானம் போகும் மண்டோருக்கு அவை கண்ணில் பட்டிருக்கும். பூ முடிந்துபோன கூம்புகளில் காய்கள் வெடித்து, உள்ளே முத்து முத்தாகச் சிவப்பு விதைகள். மாட்டைப் பிடிக்கப் புதருக்குள் புகுந்தவருக்கு அவை தெரிந்திருக்கும். மூன்று சாட்சியும் ஒரே செடியைத்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தலை கால் புரியாத சந்தோஷம். முதல் பக்கத்துக்கே போகலாம் என்றுகூடத் தோன்றியது.

"இதுல எது?" என்றார் அக்கா.

மண்டோர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "ராமசாமி வச்சது நல்லா பூத்துச்சு. எல்லாவனும் அதுலேர்ந்து ஒடச்சிக்கிட்டுப் போயி அவனவன் அப்பனுக்கு வச்சிருப்பான். நம்ம ஆளுங்கதான் தெரியுமே, ஒருத்தன் வச்சா எல்லாரும் அதையே வைப்பான்." அப்படியானால் ஒவ்வொரு புதரும் ஒரு குழி. ஓடையோரம் இருந்ததிலேயே பெரிய புதரை அக்கா தேர்ந்தெடுத்தார். பெரியதுதான் மூத்ததாக இருக்கும் என்று கணக்கு. அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் மண்டோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

படத்துக்காக ஒரு தண்டை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஈப்போ திரும்பினேன். யூசுப் பாய் அதைப் பார்த்ததும் கல்வாழையைக் கைவிட்டார். இலையைக் கசக்கி மோந்து, கிழங்கைக் கீறி மோந்து, என்னிடமும் நீட்டினார். இஞ்சி வாசம்.

"இது கண்டாசுலி தம்பி. மலாய்க்காரவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க மாமி வூட்டுல இருக்கு." பாயின் மனைவி கோலகங்சார் பக்கத்து மலாய்க்காரப் பெண். "மாமி கெணத்தடியில வச்சாங்க. இப்ப அது கெணத்தடியில இல்ல. வேலியத் தாண்டி, பக்கத்து வூட்டு வாத்துக் கொட்டாய்க்குள்ள நிக்குது."

"யாராவது எடுத்து நட்டாங்களா?"

"யாரு நடுவா? கெழங்கு இல்லையா, மண்ணுக்குள்ளயே போவும். பழசு பின்னால அழுகும், புதுசு முன்னால மொளைக்கும். ஈரம் எங்க இருக்கோ அங்க போய்க்கிட்டே இருக்கும். மாமி அது எஞ் செடிங்கிறாங்க. வாத்துக்காரரு அது எங் கொட்டாய்ல இருக்குங்கிறாரு. ரெண்டு வூட்டுக்கும் பேச்சு இல்ல."

மேலே போய் மேசைமுன் உட்கார்ந்தேன். மூன்று நிறங்களும் பொருந்திவிட்டன, உயரம் பொருந்திவிட்டது, வாசம் பொருந்திவிட்டது, பெயரும் கிடைத்துவிட்டது. நந்தியாவட்டையாக இருந்திருந்தால் அதன் காலடியில் மாரிமுத்து அண்ணன் இருந்திருப்பார். கண்டாசுலி என்று தெரிந்ததுமே அவர் காணாமல் போய்விட்டார். தெரியாததைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும் என்பது செய்தித் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. அந்த மத்தியானம் அது என்னிடம் கொஞ்சம் இளகியது. அதன் பிறகு முழுவதுமாக இறுகவில்லை.

அன்றே சிலிபினுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா ஆலைச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அவசர வேலைகளை வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார்கள்.

"செடி நடக்குமா தம்பி?"

"மெதுவா நடக்கும்க்கா. தண்ணிப் பக்கமா. ஓடைக்கரையில நாம பாத்த புதருக்கு அடியில யாரும் இருக்க மாட்டாங்க."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நல்ல ஆளா பாத்து காவலுக்கு வச்சாரு எங்க மச்சாண்டாரு" என்றார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தேன். அடுத்த பொத்தானை எடுத்தபடி அவரே, "அந்தச் செடி நடந்துருச்சு சரி. மேடை நடந்துருக்காதுல்ல?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"நான் நின்னு பாத்த மேடை. கொழாய்க்குப் பக்கத்துல. அங்கேருந்து பாத்தா, பின்னால கல்லுமலை தெரியும். மலை உச்சியில பல்லு வுழுந்த மாதிரி ஒரு எடம் இருக்கும். அதுக்கு நேர் கீழதான் பூ நிக்கும். மொத வருசம் அப்படித்தான் நின்னுச்சு. செடி அப்ப எங்கயும் போயிருக்காதே."

செய்தியாளன் நான். அத்தனை கேள்வி கேட்டேன். 'நீங்கள் எங்கே நின்றீர்கள்' என்று மட்டும் கேட்கவில்லை.

குழி தோண்டும் நாளில் குத்தகை எடுத்த சீன முதலாளி, தவுக்கே என்போம், இரண்டு ஆட்களோடு நிழலில் காத்திருந்தார். பல குடும்பங்களுக்குத் தோண்டி முடித்திருந்தார்கள். அக்காவின் கதையை மண்டோர் மலாயில் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார். கடைசியில், "சத்து ஓராங், சத்து லுபாங்" என்றார். ஓர் ஆளுக்கு ஒரு குழி. கொடூரமாகச் சொல்லவில்லை, அவருடைய வேலைக் கணக்கு அப்படி. இப்படித் தோண்டிப் பார்த்து, அங்கே தோண்டிப் பார்த்து என்று போனால் அடுத்தவர் எலும்பைக் கலைத்துவிடுவோம் என்று காரணமும் சொன்னார்.

ஸ்டோரைப் பிரித்துவிட்டிருந்தார்கள். சிமெண்டு மேடை மட்டும் வெயிலில் கிடந்தது, குழாய் இருந்த இடத்தில் ஒரு துளை. அக்கா அதன் பக்கத்தில் போய், கால் கழுவுவதுபோல் குனிந்து, பிறகு நிமிர்ந்து பார்த்தார். நான் அவருடைய கறுப்புக் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்தபடி சரிவில் நின்றேன். அவர் குரல் எனக்கு எட்டாது என்பதால் மண்டோர் ஓடைக்கரையில் நின்று வாங்கிச் சொன்னார். பல வருடம் கழித்து மறுபடி கத்தக் கிடைத்ததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

"வலது பக்கம் போ!"

"யாரு வலது? என் வலதா, அக்கா வலதா?"

"அவ வலது கைய ஆட்டுறா, போ லா!"

பார்த்தால் அக்கா ஆட்டியது என் இடது பக்கம். இப்படிக் கொஞ்ச நேரம் லாலானுக்குள் குடையோடு நாட்டியம் ஆடினேன். தோண்ட வந்த ஆட்கள் சிகரெட்டை மறந்து பார்த்தார்கள். கடைசியில் அக்கா இரண்டு கையையும் உயர்த்தினார். குடை மலையின் பல்விழுந்த இடத்துக்கு நேர் கீழே வந்துவிட்டது.

மறுபடி குழப்பம் அங்கேதான் தொடங்கியது. ஓரிடத்திலிருந்து பார்த்தால் கிடைப்பது ஒரு கோடு. புள்ளி கிடைக்காது. நான் அதே கோட்டில் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் அக்காவுக்குக் குடை அந்தப் பள்ளத்துக்கு நேராகத்தான் தெரியும். ஓடையிலிருந்து மேட்டின் உச்சிவரை அந்தக் கோட்டில் எத்தனையோ பேர் படுத்திருக்கலாம். "பாதி மேட்டுலதான் வச்சோம்" என்றார் மண்டோர். "பாதின்னா? கீழேருந்து பாதியா, மேலேருந்து பாதியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியின் தரம் புரிந்தது.

ஓடை கடந்து வந்த அக்கா, நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, வெறும் லாலான் முளைத்திருந்த காய்ந்த தரையில் போய் நின்றார். பூச்செடியின் தடமே அங்கே இல்லை. "இங்க" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தோண்டினார்கள். இடுப்பளவு போனதும் மண்ணின் நிறம் மாறியது. துருப்பிடித்த ஆணிகள் வந்தன. பிறகு ஒரு நீண்ட எலும்பு, சில பற்கள், வேறு துண்டுகள். ஆணி எல்லாப் பெட்டியிலும் இருக்கும். பல் எல்லார் வாயிலும் இருக்கும். இவர்தான் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன். பார்ப்பதுதான் என் தொழில்.

மண்டோர் குரலைத் தாழ்த்தினார். "தனம், இது மாரிமுத்துதான்னு எப்படிச் சொல்றது? இந்த வரிசையிலதான் கருப்பாயி கெழவியும் இருக்கு. சாராயம் குடிச்சி செத்தானே, அந்த மொட்டையன், அவனும் இங்கதான். மொட்டையனத் தூக்கிட்டுப் போயி நீ சூடம் காட்டிக்கிட்டு இருந்தா?"

அக்கா குழிக்குள் பார்த்தபடியே பதில் சொன்னார். "மொட்டையனுக்கு யாராச்சும் வந்தாங்களா அண்ணே?"

"யாரு வருவா அவனுக்கு."

"கெழவிக்கு?"

மண்டோர் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. யாரா இருந்தாலும் நம்ம லயத்து ஆளுதானே. தோண்டிப் பாத்துட்டு, நீ இல்லன்னு மறுபடி மூடிட்டா போக முடியும்?"

வெள்ளைத் துணியில் கட்டி ஒரு மண்சட்டிக்குள் வைத்தார்கள். சட்டியில் எழுதத் தவுக்கே பெயர் கேட்டார். அக்கா கணவர் பெயரைச் சொன்னார், தயங்காமல். என் செய்தியில் 'மாரிமுத்துவின் எச்சங்கள்' என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். கோலாலம்பூரில் அந்தப் பத்தியையே வெட்டிவிட்டார்கள். அவர்கள் வெட்டியதில் எனக்கு வருத்தமில்லாத ஒரே பத்தி அது.

மறுவருடம் தெவசத்துக்கு அக்கா என்னைச் சிலிபினுக்குக் கூப்பிட்டிருந்தார். மாரிமுத்து அண்ணனின் படத்துக்கு முன்னால் இரண்டு வாழை இலைகள். இரண்டிலும் சோறு, கருவாட்டுக் குழம்பு, வடை, ஒரு குவளை கறுப்புக் காப்பி.

"ஒண்ணு அவருக்கு" என்றார் அக்கா. "ஒண்ணு அந்தச் சட்டியில இருக்குறவங்களுக்கு."

"ரெண்டும் ஒரே ஆளா இருந்தா?"

"இருந்தா ரெண்டு எலையும் அவரே சாப்புடட்டும். உசுரோட இருந்தப்ப வயிறு நெறைய சாப்புட்ட மனுசனா அவரு?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இரண்டு இலைதான். நானும் முடிந்தபோதெல்லாம் போனேன். சில வருடம் எனக்கு அவர் மாரிமுத்து அண்ணன்தான் என்று உறுதியாகத் தோன்றும். சில வருடம் மொட்டையனுக்குக் கருவாடு பிடிக்குமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்போது ரெட்டைப்பாலத் தோட்டம் ஒரு தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு. ஓடையைச் சிமெண்டுக் கால்வாய்க்குள் அடைத்துவிட்டார்கள். சரிவை வெட்டிச் சமமாக்கி வரிசை வீடுகள் கட்டினார்கள், மேடை இருந்த இடத்தில் டயர் கடை. மண்டோரும் அவர் மனைவியும் போய்ச்சேர்ந்தார்கள், எந்த நிறம் என்ற சண்டையைக் கடைசிவரை முடிக்காமல். கல்லுமலையைக் கல்லுக்காக உடைத்தார்கள். முதலில் பல்விழுந்த இடம் அகலமானது, பிறகு அதன் இரு பக்கமும் இறங்கின. பிறகு அந்தத் திசையில் வானம்தான் இருந்தது.

அக்கா போன வருடம் காலமானார். மகள் இப்போது கமுந்திங்கில் இருக்கிறாள், பேரன் பேத்தி பார்த்துவிட்டாள். இந்த வருடத் தெவசத்துக்கு அப்பா, அம்மா இருவர் படமும் சேர்த்து வைத்திருந்தாள். சமையலறையிலிருந்து இலைக்கட்டை எடுத்து வந்தவள் என் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"மாமா, அம்மா ஏன் அப்பாவுக்கு எப்பவும் ரெண்டு எலை போடுவாங்க? கேட்டா சிரிப்பாங்க, சொல்ல மாட்டாங்க."

சொல்ல ஆரம்பித்தேன். "ஸ்டோர் மேடையில நின்னு பாத்தா..." என்றேன். ஸ்டோர் என்றால் என்ன கடை என்று கேட்டாள். பால் ஸ்டோர் என்றேன். அவள் தவழ்ந்த வயதில் அம்மா வேலை பார்த்த இடம், அவளுக்கு நினைவில்லை. சரி, மலையிலிருந்து தொடங்கலாம் என்று, "அங்க ஒரு கல்லுமலை இருந்துச்சு" என்றேன். "எந்தப் பக்கம் மாமா?" என்றாள். கையை நீட்டப் போனவன், எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டேன். உள்ளே குக்கர் சத்தமிட்டது, பேத்தி பசிக்கிறது என்றாள்.

"அப்புறம் சொல்லுங்க மாமா" என்று, அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இலை விரித்தாள். மிச்ச இலைகளை மடித்து, நாங்கள் சாப்பிடுவதற்காக எடுத்து வைத்தாள்.